கடற்கரைக்குக் கழுவிக் கொடுத்த போத்தல்கள்

நான் பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அவற்றில் ஒன்பது வருடங்கள் லிபெர்த்தா தெருவில் ஒரே வீட்டில் சமைத்தேன், துடைத்தேன், சட்டைகளுக்கு அயன் போட்டேன். வீட்டுக்காரர் பிராந்தியச் சட்டமன்றத்தில் உறுப்பினர். அவரை எல்லோரும் ஒனொரெவொலே என்றுதான் அழைப்பார்கள். மாண்புமிகு என்று பொருள். கட்டடத்தின் காவல்காரன் முதல் மீன் கொண்டுவருகிறவன் வரை அப்படித்தான். நானும் அப்படித்தான் அழைத்தேன்.

அவருக்கு எதிர்க்கட்சியில் ஒரு ஒனொரெவொலே இருந்தார். தொலைக்காட்சியில் இருவரும் விரலை நீட்டி நீட்டிச் சண்டை பிடிப்பார்கள். ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லாமல் சொல்வார்கள். அந்த மனிதரை முதன்முதலில் வீட்டு வாசலில் கண்டபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவைப் பாதி திறந்தபடி நின்றேன். அவர் உள்ளே வந்து ஒனொரெவொலேயின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, அடுப்படிப் பக்கம் மூக்கை உயர்த்தி, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டார். அதன் பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தரம் மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அவருக்கு மிளகாய் கூடவேண்டும். என் கையால் வைத்த கத்தரிக்காய்ப் பாஸ்தாவைப் புகழ்வார்.

ஒரு பெப்ரவரி மாத மதியம் இருவரும் சேர்ந்து ஒரு சட்டம் எழுதப்போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோரா கிண்ணங்களில் நுரைக்கும் வைன் ஊற்றச் சொன்னார். ஒனொரெவொலேக்கு விளக்கம் சொல்வதில் ஆசை; அன்று என்னையும் நிற்க வைத்துச் சொன்னார். கடற்கரையில் குளிப்பவர்களுக்கு வாடகைக்கு விடும் மரக் கபின்கள் பெருகுவதைத் தடுப்பது, கரையொதுங்கும் கடற்புல்லை அள்ளாமல் விடுவது, நகர ஓரத்துத் தோட்டங்களில் எதையும் கட்டவிடாமல் காப்பது, பெரிய கட்டடங்களின் கூரைகளில் சூரிய மின் தகடுகளைக் கட்டாயமாக்குவது. இரண்டு கட்சியும் ஒரே தாளில் கையெழுத்து. "பூமிக்கு இடதும் இல்லை வலதும் இல்லை" என்றார் விருந்தாளி. அவர் முன்னால் தட்டில் இருந்த மாண்டரின் பழங்கள் நகர ஓரத்தில் என் கணவர் வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்திலிருந்து நான் கொண்டுபோனவை. உரித்தபடியே சொன்னார். எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. எங்கள் நாட்டில் இரண்டு கட்சிகள் சேர்ந்து நல்லது ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சையப்பா, தோட்டங்களைத் தொடக்கூடாது எண்டு சட்டம் கொண்டுவரப் போயினம். ரெண்டு கட்சியும் சேர்ந்து."

"நீர் வடிவாய்க் கேட்டனீரோ?"

"ஓம். எனக்கு முன்னாலை நிண்டுதான் சொன்னவர்."

அவருடைய முதலாளி எழுபதை நெருங்கிய மனிதர். தோட்டம் அவருடையது அல்ல. அப்பா காலத்திலிருந்து குத்தகை. நிலத்தின் சொந்தக்காரர் மிலானோவில் இருந்தார். தோட்டத்தை விற்பதா வைத்திருப்பதா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தில் முதலாளி செத்த மரங்களுக்குப் பதிலாகப் புதுக் கன்று வைக்காமலே விட்டிருந்தார். என் கணவர் சொன்ன சேதியைக் கேட்டு அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு கன்றுகள் வாங்கினார். என் கணவர் நாரிப் பிடிப்போடு, இடுப்பைப் பிடித்துப் பிடித்துக் குழி வெட்டினார். சனிக்கிழமைகளில் நானும் போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஒனொரெவொலே வீட்டில் வேலை செய்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முதலாளி மற்றத் தோட்டக்காரரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏப்ரலில் இருவரும் மறுபடி மேசையில் உட்கார்ந்தார்கள். இந்தமுறை தாள்கள் இருந்தன, ஆளுக்கொரு பேனை இருந்தது. நான் வாள்மீன் பரிமாறினேன். நான் அறைக்குள் இருப்பது அவர்களுக்கு ஒரு தடையே இல்லை. கதிரைக்கு முன்னால் கதைப்பது போலக் கதைத்தார்கள்.

"இந்தக் கடற்கரைப் பிரிவு," என்றார் விருந்தாளி. "மொண்டெல்லோவில் என் மைத்துனனுக்குக் கபின் வரிசை இருக்கிறது, உனக்குத் தெரியும்."

"தெரியும். சியாகுல்லிப் பக்கம் என் சித்தப்பா மகன் நிலம் வாங்கப் பார்க்கிறான், அதுவும் உனக்குத் தெரியும்."

"அப்படியானால் நீ உன் தோட்டத்தை வெளியே எடு, நான் என் கடற்கரையை எடுக்கிறேன்."

இரண்டு பேனைகளும் ஓடின. விருந்தாளி ரொட்டியால் தட்டிலிருந்த எண்ணெயை வழித்து வாயில் போட்டார். பிறகு கூரைகளுக்கு வந்தார்கள். சிஞ்ஞோரா இடையில் புகுந்து, இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தகடு பூட்டினால் தான் மாலையில் எங்கே உட்காருவது என்று கேட்டார். மூவரும் சிரித்தார்கள். ஒனொரெவொலே ஒரு சொல்லை வெட்டி இன்னொரு சொல்லை எழுதி வாய்விட்டு வாசித்தார். ‘தேவே’ என்று இருந்தது ‘புவோ’ ஆயிற்று. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கான மொழிப் பரீட்சைக்குப் படித்தபோது முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்த வினைச்சொற்கள் அவை. தேவே என்றால் செய்ய வேண்டும். புவோ என்றால் செய்யலாம்.

அன்றுவரை கட்சிகள் விட்டுக்கொடுப்பது என்றால் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். இவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். மீன் முள்ளும் தோலும் கிடந்த தட்டுகளை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவத் தொடங்கினேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"முந்தி அப்பிடிச் சொன்னீர், இப்ப இப்பிடிச் சொல்லுறீர்."

"அவையள் மாத்தினதை நான் என்ரை காதாலை கேட்டனான்."

"கண்டு முழுக்க வைச்சு முடிஞ்சுதப்பா. நான் போய் அந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லும்படி வற்புறுத்தவில்லை. கன்றுகளுக்குத் தொடர்ந்து தண்ணீர் ஊற்றினார்.

மே மாதத்தில் சிஞ்ஞோரா என்னிடம் புது வேலை ஒன்று சொன்னார். பிளாஸ்டிக் போத்தல்களைச் சேர்க்க வேண்டும். லேபல்களைக் கிழித்து, உள்ளும் புறமும் கழுவிக் காயவைக்க வேண்டும். எதற்கென்று கேட்டேன். சனிக்கிழமை இரண்டு ஒனொரெவொலேகளும் மொண்டெல்லோவில் கடற்கரையைச் சுத்தம் செய்வதைப் படம் பிடிக்கிறார்களாம்.

"கடற்கரையில்தான் குப்பை இருக்குமே, சிஞ்ஞோரா."

"சீசன் தொடங்குகிறது. விடியவே ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள். இருந்தாலும் அந்த அழுக்கைக் கையால் தொடச்சொல்ல முடியுமா?"

கீழே இருக்கும் பாரில் கேட்டு, பக்கத்து வீடுகளில் கேட்டு, இரண்டு கறுத்தப் பை நிறையச் சேர்த்தேன். குளியலறைத் தொட்டியில் போட்டுச் சவர்க்காரத்தோடு கழுவினேன். ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தேன். என் பிள்ளையின் பால்போத்தலைக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கழுவியதில்லை.

சனிக்கிழமை காலை மொண்டெல்லோ மணல் சீப்பால் வாரிவிட்டதுபோல் இருந்தது. கடற்புல்லையும் அள்ளிக் கபின்களுக்குப் பின்னால் மேடாகக் குவித்திருந்தார்கள். அதிலிருந்து அவிந்த மணம் வந்தது. சிஞ்ஞோரா காரை விட்டு இறங்காமலே, "இயல்பாக இருக்கட்டும்" என்றார். நான் பைகளை அவிழ்த்து, சுத்தமான மணலில் சுத்தமான போத்தல்களை எறிந்தேன். ஒருவரும் என் கையைப் பிடித்து எறிய வைக்கவில்லை. நானேதான் எறிந்தேன்.

இருவரும் வந்தார்கள், மடிப்புக் கலையாத புதுக் கையுறைகளோடு. படம் பிடிப்பவர் ஒரு போத்தலைச் சப்பாத்து நுனியால் ஒளி படும் இடத்துக்குத் தள்ளினார். குனிந்தார்கள், எடுத்தார்கள், நிமிர்ந்து சிரித்தார்கள். ஒரே போத்தலை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஒரு படம். கால் மணித்தியாலத்தில் முடிந்தது. கையுறைகளைக் கழற்றி மணலிலேயே போட்டுவிட்டு, கடல் முள்ளெலி சாப்பிட எதிரே இருந்த உணவகத்துக்குப் போனார்கள்.

மிச்சத்தைப் பொறுக்க நான் நின்றேன். அதற்குள் காற்று எழும்பி ஏழெட்டுப் போத்தல்களைத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். இடுப்பளவு போக வேண்டியிருந்தது. ஐந்தைப் பிடித்தேன், மற்றவை போய்விட்டன. உடுப்பு ஒட்ட, இரண்டு கையிலும் போத்தலோடு கரைக்கு ஏறினேன். அங்கே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்களெல்லாம் இங்கே வந்துதான் எங்கள் கடலை நாறடிக்கிறீர்கள்."

கையிலிருந்தவற்றைப் பைக்குள் போட்டேன். அந்தப் போத்தல்களை எறிந்தது நான்தானே.

ஜூனில் சட்டம் நிறைவேறியது. நான் துணி மடித்தபடி தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்கள் இருவரும் மண்டபத்தின் நடுவில் கட்டிப்பிடித்தார்கள். எதிர்காலச் சந்ததி என்ற சொல்லை எத்தனை தரம் சொன்னார்கள் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு வீட்டில் விருந்து. என் விடுமுறை நாளில் வரச்சொன்னார்கள், போனேன். சாப்பாடு முடியும் நேரம் விருந்தாளி என்னை நிறுத்திக் கேட்டார்.

"நீயும் ஒரு தாய். சொல், எங்கள் சட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தேன்.

"போத்தல்களைக் கழுவியது நான், ஒனொரெவொலே. தேவேயை வெட்டிப் புவோ எழுதியபோதும் நான்தான் பக்கத்தில் மீன் தட்டோடு நின்றேன்."

நான் எதிர்பார்த்தது கோபத்தை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். விருந்தாளி மேசையில் தட்டிச் சிரித்தார். "இவளை அடுத்த தேர்தலில் நிறுத்த வேண்டும். ஆனால் எந்தக் கட்சியில்?" என்றார். ஒனொரெவொலே கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கோப்பி கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன்.

கோடை முடிவதற்குள் மிலானோக்காரர் தோட்டத்தை விற்றார். வாங்கியவரை எனக்குத் தெரியும், ஒனொரெவொலேயின் அந்தச் சித்தப்பா மகன்தான். கிறிஸ்மஸ் விருந்துகளுக்கு அவருடைய பிள்ளைகளின் மேலங்கிகளை நான்தான் வாங்கிக் கொழுவுவேன். மரங்கள் இருந்த இடத்தில் சூரிய மின் தகடுகள் வருகின்றன என்றார்கள். அதுவும் சுத்தமான மின்சாரம்தான், சட்டத்தில் அதற்கு ஒரு பாராட்டு வரியும் உண்டு. மொட்டைமாடிகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன, சிஞ்ஞோராமார் உட்கார.

முதலாளி என் கணவரை ஏசவில்லை. தோட்டத்துச் சாவியை இவர் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, "உன் மனைவி நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பாள்" என்றாராம். அதைக் கேட்க அவர் ஏசியிருக்கலாம் என்று இருந்தது.

மரம் வெட்டுவதற்கு ஆள் தேடினார்கள். அந்த நிலத்தில் எந்த மரம் எங்கே நிற்கிறது, தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர் என் கணவர்தான். மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் அவரே வைத்த கன்றுகளைப் பிடுங்கினார். வீட்டுக்கு வந்து குளிக்காமல் குசினிக் கதிரையில் இருந்தார். அவருடைய கையிலும் மயிரிலும் மாண்டரின் இலை மணத்தது.

"ஏனப்பா போனனீங்கள்?"

"நான் போகாட்டி வேறை ஆரும் போவினம். குளிக்கத் தண்ணி சுடவையும்."

அவரை வெறுக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? தண்ணீர் சுடவைத்தேன்.

ஒக்டோபரில் அந்த வீட்டை விட்டேன். காரணம் கேட்டபோது கணவரின் நாரி வருத்தம் என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் மறுபடி சிரிப்பார்கள் என்று பயம். இப்போது இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். அந்த விருந்தாளியின் மைத்துனனுடைய கபின்கள் இந்த வருடம் ஒரு வரிசை கூடியிருப்பதாக அவர்தான் வந்து சொன்னார்.

போகும்போது சிஞ்ஞோரா எனக்கு நற்சான்றுக் கடிதம் தந்தார். சுத்தமானவள், நேர்மையானவள், வாய் திறக்காதவள் என்று எழுதியிருந்தார். அதை வீட்டில் மகள் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசித்துத் தமிழில் சொன்னாள். கணவர் தலையாட்டினார்.

"நல்ல கடிதம்," என்றார். "பெர்மெஸ்ஸோத் தாளுகளோடை வைச்சிரும்."