திரையில் அண்ணனின் ஈரல்

எங்கள் ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திக் கம்ப்யூட்டரோடு இணைத்த புதிது. ஸ்லைடில் இருக்கும் திசு திரை நிறையத் தெரியும். படமெடுத்துச் சேமிப்பது என் வேலை.

அந்த வாரம் பரிசோதனைக்கு வந்த ஈரல் துணுக்கு என் அண்ணனுடையது. சீவலப்பேரியில் வயல் பார்ப்பவர், சாராயத்தைத் தொட்டதில்லை. மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து தின்று, உடம்பு உருக்குலைந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார். துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றியதும் நான்தான். ஈரலில் தழும்பு விழுந்த இடங்களை நீலமாகக் காட்டும் சாயம் அது. திரை முழுக்க நீலக் கோடுகள் ஓடின.

டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப முத்திப் போச்சும்மா. யாரு இது?" என்றார்.

"எங்க அண்ணன், சார்."

நான் அடுத்த படத்தை எடுத்தேன்.

மறுநாள் அண்ணன், தானும் பார்க்க வேண்டுமென்று வந்து நின்றார். காட்டினேன்.

"ஏட்டி, வரப்பு போட்ட வயக்காடு மாதிரில்லா இருக்கு. இதை வெட்டி எடுக்க முடியாதோ?"

"முடியாதுண்ணே. இன்னும் பரவாம இருக்க மருந்து தருவாவ."

"நடவு வரைக்கும் இருப்பனா?"

"இருப்பிய."

வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப்போய் டவுன் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். எனக்கு அழ வேண்டுமென்று தோன்றியது, ஆனால் அழுகை வரவில்லை.

நடவைப் பார்த்தார். அறுப்புக்கு இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நான் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.