திருவொற்றியூரைத் தாண்டாதே

விமானம் ஓட்டக் கற்ற நாட்களில் என் வாயை அடக்கத்தான் படாதபாடு பட்டேன். கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள், மூச்சுவிடாமல் பேசுவேன். ரேடியோவிலோ, கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறுமனே 'சரி சார்' என்றால் திட்டு விழும். இந்தப் பழக்கம் எந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டது என்றால், அம்மா புளி வாங்கிவரச் சொன்னால்கூட 'கால் கிலோ புளி' என்று ஒப்பித்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

அன்று பிற்பகல் பழவேற்காடு வரை தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். எண்ணூரை நெருங்கியதும், அங்கேயே ஆயிரத்து ஐநூறு அடியில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். எனக்கு நன்றாகப் பழகிய கரகரத்த குரல். அவர் அனுமதிக்காமல் நகரத்துப் பக்கம் நகரக் கூடாது. திருப்பிச் சொல்லிவிட்டு வட்டமடிக்க ஆரம்பித்தேன்.

அதோடு ரேடியோ அடங்கிப்போனது. மீன் ஏலம் மாதிரி இரைச்சலாக இருக்கும் அலைவரிசையில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கீழே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மட்டும் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தன. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை.

"இன்னாபா, யாராவது கீறீங்களா? ஒரே பேஜாரா கீது," என்று வாய்விட்டே புலம்பினேன். செத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. சிரிக்காதீர்கள், அங்கே தனியாக இருந்திருந்தால் உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

புகைபோக்கிகளும் மறைய ஆரம்பித்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தரையே தெரியாது. கரையோரமாகவே போனால் திருவொற்றியூர், அடுத்து ராயபுரம். அதற்கப்புறம் வழி தெரியும். அனுமதியாவது ஒன்றாவது என்று விமானத்தைத் தெற்கே திருப்பினேன்.

"போகாதே. திருவொற்றியூரைத் தாண்டாதே."

அதே கரகரத்த குரல், காதருகே. அவர் ஏன் தமிழில் பேசினார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. "திருவொற்றியூரைத் தாண்ட மாட்டேன்," என்று பழக்க தோஷத்தில் திருப்பிச் சொன்னேன். மறுபடியும் ஒருமுறை சொன்னேன். விமானத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணூருக்கே வந்தேன்.

பிறகுதான் விமானத்தைத் திருப்பும் கைப்பிடியைக் கவனித்தேன். வரைபடத்தைப் பிடித்திருந்த கிளிப் நழுவி, பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகக் காதில் கொட்டின. அந்தப் பொத்தான் அமுங்கியிருக்கும்வரை நம் பேச்சு மட்டும்தான் வெளியே போகும். மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவே கேட்காது.

எப்படியோ தரையிறங்கினேன். விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கியதுமே கோபுரத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தக் கட்டுப்பாட்டாளர்தான்.

"ஏம்மா, நீ புலம்பினது இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு," என்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபமே இல்லை. "கடல்லேர்ந்து ஒரு ஹெலிகாப்டர் திருவொற்றியூருக்கு மேல வந்துக்கிட்டிருந்தது. உன் உயரம்தான். நீ தெக்கே திரும்பினதை ரேடார்ல பாத்தேன். உன் பொத்தான் அமுங்கிக் கிடந்ததுல அலைவரிசையே அடைச்சுப்போச்சு, உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல வழியில்ல. தாண்ட மாட்டேன்னு ரெண்டு தடவை சொன்னியே, யாரும்மா உனக்குச் சொன்னது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. தமிழ்ல."

தமிழிலா என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

"நான் மைக்ல பேசலம்மா," என்றார். "பேசிப் பிரயோஜனமில்லன்னு ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுட்டேன். போகாதே, திருவொற்றியூரைத் தாண்டாதேன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தேன்."