தங்கச்சி எடுத்த வாவிக்கரை வீடு

தங்கச்சி லண்டனில் இருந்து வருகிறாள் என்றதும் அறைக்குப் பெயின்ட் அடித்தேன். கல்லடியில் எங்கள் வளவுக்குள் புதிதாகக் கட்டிய அறை அது. ஒட்டினாற்போல் குளியலறை, ஏசி, அகலக் கட்டில், உறை கழற்றாத மெத்தை. எல்லாவற்றையும் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். "வடிவா இருக்கக்கா" என்று பதில் வந்தது. கொஞ்ச நாளில் அவளும் ஒரு படம் அனுப்பினாள். பழுகாமம் பக்கம், வாவிக்கரையில் ஓடு போட்ட சின்ன வீடு. முன்னால் உட்கார ஒரு மர வாங்கு, அதற்கு முன்னால் தண்ணீர். ஊரில் நிற்கும் நாட்களுக்கு அதை வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம்.

எனக்கு வயிறு எரிந்தது. மனிதர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், அது வழக்கம்தான். ஒரு வீட்டின்மேல், அதுவும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வாடகைக்கு விடும் வீட்டின்மேல் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் என் வீட்டில் வந்து படுக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்கள் போட்டிருந்த விளம்பரத்தைக் குறை பிடிக்கவென்றே வாசித்தேன். வாவியில் சூரியன் மறையும் அழகைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அது படுவான்கரை, வாவியின் மேற்குப் பக்கம். அங்கே சூரியன் வீட்டுக்குப் பின்னால், வயல் வட்டைக்குள் போய்த்தான் மறையும். வாவியில் மறைவதைப் பார்ப்பதென்றால் எழுவான்கரைக்கு, அதாவது எங்கள் பக்கத்துக்குத்தான் வர வேண்டும். உடனே போன் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப விடிய எழும்பி உதிக்கிறதப் பாப்பம்" என்றாள்.

"கிணத்துத் தண்ணி உவர் புள்ள. சவுக்காரம் நுரைக்காது."

"பரவாயில்லக்கா."

"இப்ப கச்சான் காத்து. பின் யன்னலத் திறந்தா வீடெல்லாம் மண்தான்."

"பூட்டி வைப்பம்."

"யானை வரும்."

சிரித்தாள். "வந்தா உனக்குத்தான் முதல்ல போன் எடுப்பன்." பிறகு சொன்னாள், "நீயும் மச்சானும் வந்து என்னோட நில்லுங்க. ஒண்டும் கொண்டு வராத."

ஒன்றும் கொண்டு வராதே என்றால் கேட்கிற ஆளா நான்? வாவிக்கரையில் வீடு எடுக்கிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் இப்போதும் சொல்வேன். குசினியில் கோப்பைகள் அடுக்கி வைத்திருப்பார்கள், ஆனால் தேங்காய் திருவலை இருக்காது. இருந்தால் பல் தேய்ந்திருக்கும். கத்தி தக்காளியைக்கூட நசுக்கும். நுளம்பு வலையில் கட்டாயம் ஒரு ஓட்டை இருக்கும், அது எந்த இடத்தில் என்று நுளம்புக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் போனால் டோர்ச் வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டு போக வேண்டும். கரையில் சிப்பி ஓடு காலை வெட்டும், பழைய செருப்பு ஒரு சோடி நல்லது.

இவ்வளவையும் கட்டினேன். அதற்குமேல் தலையணை, பாய், சட்டி, அகப்பை, வறுத்துத் திரித்த கறித்தூள், பால் விடாமல் பிரட்டிய கோழிக்கறி. அந்த வீட்டில் எதுவும் இல்லை என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும், அப்போது நான் பையைத் திறக்க வேண்டும். இதுதான் என் எண்ணம். ஆட்டோக்காரர் ஏற்றி முடித்துவிட்டு, "வீடு மாறுறீங்களா அக்கா?" என்று கேட்டார். என் கணவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய் இறங்கினோம். வீடு படத்தில் இருந்ததைவிட வடிவு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தங்கச்சி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். பைகளைக் கண்டதும் அவள் முகம் கறுத்தது. "உன்னிட்ட என்னக்கா சொன்னன்?" என்று கேட்டபடி எல்லாவற்றையும் இழுத்து விறாந்தை மூலையில் அடுக்கினாள். ஒன்றையும் திறக்க விடவில்லை. என்னைப் பிடித்து வாங்கில் இருத்தி, தேத்தண்ணீர் கொண்டுவந்து கையில் தந்தாள். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் சொன்ன மாதிரியே பல் தேய்ந்த திருவலை. பாதித் தேங்காய் சிரட்டையோடு கிடந்தது.

"என்ர திருவலைய எடுக்கட்டா புள்ள?"

"வேணாம். நீ போய் இரு."

இறாலும் கத்தரிக்காயும் சமைத்திருந்தாள். உப்புக் காணாது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். நாங்கள் சாப்பிட்டு முடியும் மட்டும் அவள் உட்காரவில்லை. கரண்டியோடு பக்கத்தில் நின்று, போதும் போதும் என்றாலும் கேளாமல் போட்டாள். நான் என் வீட்டில் செய்வது போலவே.

கை கழுவிய பிறகு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்ர வீட்டுல என்ன குறை? உனக்கெண்டுதானே அறை கட்டினன்? இந்த வாடகை வீட்டுல அப்படி என்ன இருக்கு?"

அவள் பீங்கான்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள், "அந்த அறை எதுக்கு மேல நிக்குதக்கா?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். மூத்தவள் கலியாணம் முடித்தால் தாயின் வீடு அவளுக்கு. அடுத்தவளுக்கு வேறொன்று கட்டுவார்கள். அம்மாவின் வீடு எனக்கு வந்தது. தங்கச்சிக்கென்று அதே வளவில் அத்திவாரம் போட்டார்கள். நாட்டில் சண்டை வந்தது, சுவர் எழும்பவில்லை. பிறகு அவளுக்கு லண்டனில் மாப்பிள்ளை சரிவந்தது. அத்திவாரம் புல்லுக்குள் கிடந்தது. அறை கட்ட வந்த மேசன், கல்லுக்கட்டு நல்ல பலமாக இருக்கிறது, இதற்கு மேலேயே எழுப்பலாம் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவளுக்குக் கட்டுகிற அறைதானே என்று நினைத்தேன்.

"என்ர வீட்டுக்குப் போட்ட அத்திவாரத்துல என்னை விருந்தாளியா வந்து படுக்கச் சொல்ற" என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்குப் பொறாமைக்கா. வேற ஒண்டும் இல்ல. உன்ர கலியாணத்தண்டு தொடங்கின பொறாமை. எப்ப வந்தாலும் நீதான் எனக்குச் சோறு போடுற. உனக்கு ஒரு பிடி சோறு ஆக்கிப் போட எனக்கு இந்த ஊருல ஒரு அடுப்பில்ல. அதுக்குத்தான் இத எடுத்தன்."

பொறாமையில் எங்கள் குடும்பத்தில் நான்தான் கெட்டிக்காரி என்று அதுவரை நினைத்திருந்தேன். என் கணவர் மெல்ல எழும்பித் தண்ணீர்ப் பக்கம் போனார்.

அடுத்த நாள் விடியச் சத்தம் கேட்டு எழும்பினேன். வாவிக்கு மேலால் சூரியன் வந்துகொண்டிருந்தது. தங்கச்சி தேய்ந்த விளக்குமாறு ஒன்றால் வளவு கூட்டிக்கொண்டிருந்தாள். சில நாளில் திருப்பிக் கொடுக்கப் போகிற வீட்டின் வளவை யாராவது கூட்டுவார்களா? மூலை மூலையாக, சருகு ஒன்று விடாமல் கூட்டினாள். என் வீட்டில் அவள் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை. யன்னலில் நின்று பார்த்தேன், மறுபடியும் வயிறு எரிந்தது. பிறந்த வீட்டை அவள் எப்போதும் 'அக்காட வீடு' என்றுதான் சொல்வாள். இதை மட்டும் வந்ததில் இருந்து 'என்ர வீடு' என்கிறாள்.

பைகளைக் கட்டு அவிழ்க்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். கோழிக்கறி பழுதாகிப் போயிருந்தது.

இந்த வருடமும் அதே வீட்டை எடுத்தாள். "ஒண்டும் கொண்டு வராத" என்று இந்த முறையும் சொன்னாள். திருவலையைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். ஒரு சின்னப் பையில் உப்பும் மஞ்சளும் அரிசியும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். புது வீடு குடிபுகும்போது கொண்டு போகிற சாமான்கள் அவை.

அவள் பையைத் திறந்து பார்த்தாள். "இது வாடகை வீடக்கா" என்றாள்.

"தெரியும். பிடி."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். வெளியே வர நேரம் எடுத்தது. நான் உள்ளே போகவில்லை. விருந்தாளி மாதிரி வாங்கில் இருந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டு யன்னலைத் திறந்தால் பக்கத்து வளவு மதில்தான் தெரியும். தங்கச்சி வீட்டுக்கு முன்னால் இவ்வளவு தண்ணீர். பொறாமையாகத்தான் இருந்தது.