மாதிரிக் கையெழுத்து

என் மகளுக்கு எங்கள் நகரின் ஓரத்தில் இருக்கும் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுடைய முதல் மாதச் சம்பளம், நான் ஓய்வு பெற்ற மாதத்தில் வாங்கியதைவிட அதிகம். முப்பத்து மூன்று வருடம் அரசு டிரஷரியில் ஊரார் பணத்தைக் காத்தவன் நான். வீட்டுக்குள்ளேயே அப்படியொரு பணம் வந்து நின்றபோது கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் மூன்று ஆசைகளைச் சொன்னாள்: ஒரு ஸ்கூட்டர், நீச்சல் வகுப்பு, அம்மாவுக்கு ஒரு மிக்ஸி. ஸ்கூட்டரை மட்டும் அனுமதித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பி முடிந்ததும், வலியசாலை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் என் திட்டத்தை விரித்தேன். ஐந்து வருடம் போட்டு வைக்கும் வைப்பு, இருபது வருடக் காப்பீடு, சிட்டி என்கிற மாத ஏலச் சீட்டு. மிச்சத்துக்கு நகருக்கு வெளியே ஒரு மனை, அதற்கு வங்கிக் கடன்.

"எனக்குக் கையில எவ்ளோ மிஞ்சும் அப்பா?"

"பஸ்ஸுக்கும் காப்பிக்கும் இருக்கும்."

"ஸ்கூட்டர்ல போறவளுக்கு என்னத்துக்காக்கும் பஸ் காசு?"

"அப்போ ரெண்டு காப்பி குடி."

சிரித்துக்கொண்டே பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். முதல் எழுத்து ஊஞ்சல் மாதிரி வளைந்து எழும்பும். கடைசி எழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டி அச்சடித்த வரிகளின் மேல் ஓடும். "கட்டத்துக்குள்ளே போடு" என்றேன். வங்கிக்கான மாதிரிக் கையெழுத்து அட்டையிலும் அந்த வால் வெளியேதான் போயிற்று.

கையெழுத்துகளை ஒத்துப் பார்ப்பது என் தொழில். பேரேட்டில் இருப்பதும் சீட்டில் இருப்பதும் ஒருவர் போட்டதுதானா என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. மகள் கையெழுத்திட்ட ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் எடுத்து, தேதி வாரியாகப் பச்சைக் கோப்பில் அடுக்கினேன். வாரிசு நியமனம், முகவரிச் சான்று, தவணை மாற்றம் என்று மாதத்துக்கு ஒரு படிவமாவது வந்துகொண்டிருந்தது.

எட்டாவது மாதம் வால் காணாமல் போயிற்று. கடைசியில் கட்டத்துக்குள் போடக் கற்றுக்கொண்டாள் என்று திருப்திப்பட்டேன். அடுத்த ஆண்டு எழுத்துகள் சிறுத்தன. முதல் எழுத்து பெரிதாகத் தொடங்கும், போகப் போகக் குறுகி, முடிவில் ஒரு புள்ளியாகிவிடும். அப்புறம் வரி கீழே சரிய ஆரம்பித்தது. சிட்டி அலுவலகம் ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்பியது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருபது தரம் எழுதிப் பழகச் சொன்னேன். எழுதினாள்.

"ஏன்னா, அவ கை ஒரு மாதிரி விறைச்சுண்டு இருக்கு, பார்த்தேளோ?" என்றாள் என் மனைவி.

"பேனா சரியில்லை."

நல்ல விலையில் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய பணத்தில் அல்ல, என் ஓய்வூதியத்தில்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் கோப்போடு உட்கார்ந்திருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வேலைய விடணும் அப்பா."

"ஏன்?"

"வலது கை நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்கறது. ஆபீஸ்ல எல்லாரும் கீபோர்டை ரெண்டு கையால தட்டறா, நான் ஒரு கையால தட்டறேன். டாக்டரைப் பாக்கணும்னா லீவு இல்லை. கொஞ்ச நாள் வீட்டுல இருக்கேனே. பைசா இருக்கல்லே?"

இருந்தது. எல்லாம் பூட்டியிருந்தது. சிட்டியை ஏலத்தில் எடுத்து மனைக்குப் போட்டாயிற்று, அதற்கு ஜாமீன் அவளுடைய சம்பளச் சான்றிதழ். காப்பீட்டை இப்போது விட்டால் பாதி கூடத் திரும்ப வராது. ஒவ்வொன்றாக விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

"அப்போ எப்போ விடலாம்?"

"ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ. கையை ரொம்ப நீட்டி வைக்காதே, எண்ணெய் தேச்சுக்கோ."

"ஷெரி" என்றாள். வாக்குவாதம் செய்திருந்தால் நான் தோற்றிருக்கவும் கூடும்.

அதற்குப் பின் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாளிதழில் இரண்டு பக்கம் முடித்துவிட்டுப் பார்த்தபோதும் நின்றாள். பெட்ரோல் இல்லையோ என்று வெளியே போனேன். சாவி துவாரத்தில் இருந்தது. அவளுடைய வலது கை அதன் மேல் இருந்தது. திருகவில்லை.

"திருகு" என்றேன்.

"திருகிண்டுதான் இருக்கேன் அப்பா."

அன்றே வைப்பை முன்கூட்டி முடிக்கும் படிவத்தை நிரப்பி, அவளிடம் கையெழுத்து வாங்கி, வங்கிக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த மலையாளிப் பெண் கணினித் திரையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாரே, ஒப்பு சேரில்லல்லோ. இது வேறே ஆளு போட்டது போலெயா."

இரண்டு கையெழுத்தும் ஒரே ஆளுடையதுதான் என்று சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் வால் ஓடிய பழைய கையெழுத்து. கீழே என் கையில் இருந்த காகிதத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ. நான் அவள் இடத்தில் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். கை வராதவர்களுக்குப் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றாள். பக்கவாதம் வந்த ஓய்வூதியர்களின் பிள்ளைகளிடம் அதே வார்த்தைகளை அதே தொனியில் நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

சான்றிதழுக்காகத்தான் மறுநாள் அவளை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அவள் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார், அறைக்குள் நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே போயிற்று.

"எப்போழா இது தொடங்கியது?"

"தெரியலை டாக்டர்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. வங்கிக் காகிதங்களுக்காகப் பச்சைக் கோப்பைக் கொண்டுவந்திருந்தேன். தேதி வாரியாக அவர் முன்னால் வைத்தேன். டாக்டர் முதலில் வேகமாகத்தான் புரட்டினார். அப்புறம் ஒவ்வொரு தாளிலும் நின்றார். ஊஞ்சல், வால், வால் இல்லாதது, சிறுத்தது, சரிந்தது. கடைசித் தாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதொக்கெ ஆரா இங்ஙனெ சூக்ஷிச்சு வெச்சது?"

"நான்தான் சேர்த்து வச்சேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு இல்லை. நாளைக் காலையிலேயே ஸ்கேன், இன்றைக்கே அட்மிஷன், வேலைக்குப் போக வேண்டாம் என்றார்.

"நோட்டீஸ் மூணு மாசம் கொடுக்கணும்" என்றேன். பழக்கம்.

அவர் மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினாள். மகள் பேனாவை எடுத்தாள். நான் வாங்கிக் கொடுத்த பேனா. நுனி காகிதத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது. சின்ன நீலப் புள்ளி ஒன்று மெல்லப் பரவியது.

"நீங்கோ போடுங்கோ அப்பா."

உறவினர் என்ற இடத்தில் போட்டேன். நான் டிரஷரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று போட்ட அதே கையெழுத்து, ஒரு கோடு மாறவில்லை. எந்தக் கவுண்டரிலும் அதைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.