கன்னத்தில் கட்டிய தோல்

முதலில் தெரிந்தது வலி அல்ல, உப்புச் சுவை. புனேயில் கிர்க்கி மைதானத்தில் கூடைப்பந்து ஆடும்போது எங்கள் அணிக்காரரே முழங்கையால் என் இடது கன்னத்தை இடித்துவிட்டார். தொண்டைக்குள் இறங்கிய இரத்தத்தை விழுங்கினேன். நாலு பேர் முன் துப்ப வெட்கம். நாற்பத்திரண்டு வயதுக் குமாஸ்தாவின் வீரம் அவ்வளவுதான்.

தொழிற்சாலை அணியில் என்னைச் சேர்த்தது உயரத்துக்காக. ஆட்டம் தானாக வந்துவிடும் என்று நம்பினார்கள், வரவில்லை. ஆனாலும் மாலை ஐந்தரைக்கு அந்தக் கோட்டுக்குள் நிற்கும்போது மட்டும் நான் கோப்பு நகர்த்துகிறவன் அல்லன். அதை விட மனமில்லை.

கன்ன எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நெற்றிப்பொட்டுப் பக்கம் கீறி, கரண்டிக் காம்பு போன்ற ஒன்றைச் செருகி, நெம்பித் தூக்கினார்கள். மறுபடி ஆடலாமா என்று கேட்டேன். மராத்திய டாக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“மூன்று மாதத்துக்குள் அதே இடத்தில் அடிபட்டால் விழி உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி நொறுங்கும். பார்வைக்கு நான் ஜவாப்தாரி இல்லை. ஆடித்தான் தீருவீர்களென்றால் முகத்தை மூடிக்கொண்டு ஆடுங்கள்.”

முகத்துக்கென்று கவசம் எதுவும் கடையில் கிடைக்காத காலம். கேம்ப் பகுதியில் குதிரைச் சேணம் தைக்கும் ஆம்பூர்க்காரர் காதர் பாய், கண்ணுக்கு ஓட்டை விட்டு அரை முகத்துக்குத் தோலில் தைத்துக் கொடுத்தார். விறைப்பாக இருந்தது. சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைக்கிற புத்தி. அதற்கும் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி ஊறவைத்தேன்.

புனே மழையில் பத்தே நாளில் உட்புறம் பச்சையாகப் பூத்தது. ஊசிப்போன எண்ணெய், வியர்வை, மூக்குநீர் எல்லாம் கலந்து என் மூச்சே எனக்குத் திரும்பி வந்தது. கன்னத்தில் சீழ்க்கொப்புளங்கள்.

“அத வெளியவே வைங்க. உள்ள வந்தா எனக்குச் சோறு எறங்காது” என்றாள் என் மனைவி கமலம். மாட்டிக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

காதர் பாய் கையிலேயே வாங்கவில்லை. “என்னா சார், இதுல பாப்பட் பொரிச்சீங்களா?”

சுரண்டி, காயவைத்து, உள்ளே பருத்தித் துணி வைத்துக் கொடுத்தார். வாடை போகவில்லை. உங்களுக்கும் இப்படி எதையாவது கட்டச் சொன்னால், எண்ணெய் வேண்டாம், துணியைத் தினமும் மாற்றுங்கள், நிழலில் காயவிடுங்கள்.

அடுத்த மாதப் பந்தயத்தில் எதிர்பார்த்தது நடந்தது. ஒரு முழங்கை நேராகத் தோலின் மேல் விழுந்தது. உட்கார்ந்துவிட்டேன். “பந்த விடுய்யா!” என்று கத்தினார்கள். பந்தை அணைத்தபடியே வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். பலகை தெரிந்தது. வளையம் தெரிந்தது. கையை எடுத்து இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான், இரண்டாக இல்லை. அந்த நாற்றத்துக்குள்ளேயே அழுதேன். உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரம்.

அந்த மூன்று மாதம் முடிந்ததும் எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். கமலம் அந்தத் தோலை இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டாள். வெறும் முகத்தோடு ஆடுகிறேன், முன்போலவே மோசமாக.

ஆனால் முகம் என்னைவிட அரை நொடி முந்தி வாழ்கிறது. வராத அடிக்கெல்லாம் ஒதுங்குகிறது. காபி டம்ளரை நீட்டினாலும் வெடுக்கென்று பின்வாங்குகிறது. இப்போதெல்லாம் கமலம் டம்ளரை மேஜையில் வைத்து, கையை எடுத்துக்கொண்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறாள்.