பாலைவனத்துக்கு வாங்கிய குக்கர்

வியாழக்கிழமை ஆப்பிரிக்காவில் இருக்கும் மொரிட்டானியாவுக்குக் கிளம்புகிறேன். சோலார் மின் நிலையத்தில் இரண்டு வருட வேலை. சுற்றிலும் மணல்தானாம்.

என்னை இதில் இழுத்துவிட்டதே நண்பன் முருகேசன்தான். "ரெண்டு பேரு இருந்தா பாலைவனமும் காரைக்குடிதான்டா மாப்ள" என்றான். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். பொடியும் ஊறுகாயும் என் பெட்டியில், சேர்ந்து வாங்கிய குட்டிக் குக்கர் அவன் பெட்டியில் என்று பேச்சு.

இன்று சொந்தக்காரர்கள் வீட்டில் பயணம் சொல்லிக்கொள்ளக் கிளம்பினேன். அவனையும் கூட்டிக்கொள்ளலாம் என்று முதலில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அடுப்பில் அந்தக் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே, என்னைக்குக் கெளம்புறீக?" என்றாள் அவன் மனைவி.

"வியாழக்கிழமைம்மா. முருகேசனும்தானே வாரான்?"

அவள் முகம் மாறிவிட்டது. "அவுக வரலையேண்ணே. இங்க பக்கத்துல மானகிரியில வேலை கெடைச்சு ஒரு வாரமாப் போறாக. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நேற்றுகூட போன் போட்டு, "பெட்டி கட்டிட்டியாடா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அவள் இலை போட்டாள். அந்தக் குக்கர் சோறுதான். நன்றாகவே வெந்திருந்தது.

அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: தனி ஆளுக்கு எத்தனை லிட்டர் குக்கர் போதும்?