குளியலறையில் முளைத்த முக்கோணங்கள்

எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுவதால், அவளுக்குக் ‘குறுக்கு’ என்று பெயர் வைத்தவரே கணக்கு வாத்தியார்தான்.

ஒருநாள் அவர் பிதாகரஸ் தேற்றத்தை நடத்திவிட்டு, “இதை எத்தனையோ விதமா நிரூபிச்சிருக்காங்க. திரிகோணமிதிய வச்சு மட்டும் முடியாது. திரிகோணமிதியே இந்தத் தேற்றத்து மேலதான் உக்காந்திருக்கு” என்றார்.

“எல்லாமேவா சார்?”

“எல்லாமேதான்.”

“சைன் விதி கூடவா? அதுக்கு இந்தத் தேற்றம் எங்க சார் வேணும்?”

வாத்தியார் டஸ்டரை எடுத்துப் பலகையை அழிக்க ஆரம்பித்தார். நல்லவேளையாக மணி அடித்தது.

குறுக்குவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே அறைகள். ஒன்றில் பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பாவின் குறட்டை. மற்றதில் அம்மாவின் தையல் மெஷின். மிச்சம் குளியலறைதான். அங்கே சுவர் முழுக்கச் சதுர ஓடு, கட்டம் போட்ட தாள் மாதிரி. அம்மாவின் துணிச் சாக்கட்டியைச் சுட்டுக்கொண்டு, தோழி பல்லியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வாளியைக் கவிழ்த்து ஏறி, சுவரோடு ஒட்டிக்கொண்டே வரைவாள் பல்லி. பெயர் அப்படி வந்ததுதான்.

மூலையில், பக்கத்துச் சுவர்க் கண்ணாடியை ஒட்டி ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தார்கள். கண்ணாடிக்குள் அதன் ஜோடி தெரிந்தது.

“ஏய், ரெண்டும் சேர்ந்து ஒரே பெரிய முக்கோணமாயிடுச்சுடி!” என்றாள் குறுக்கு. “இதுல சைன் விதியப் போடு!”

போட்டார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கு, பெரிய முக்கோணத்தின் ஒரு பக்கத்தை நீட்டி, எதிரே இழுத்த இன்னொரு கோட்டோடு சேர்த்து, நடுவே சின்ன முக்கோணம், அதற்குப் பக்கத்தில் இன்னும் சின்னது என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். சோப்புப்பெட்டியைத் தாண்டி, குழாயைச் சுற்றி வரிசை நீண்டது.

கதவு அதிர்ந்தது. “முடிஞ்சுதாம்மா?” அப்பாவின் குரலில் அவசரம் தெறித்தது.

“இது முடியவே முடியாதுப்பா! போய்க்கிட்டே இருக்கும்!”

“முடியாதா? எனக்கும் முடியலம்மா!”

“ஆனா மொத்தமாக் கூட்டினா ஒரு அளவுக்குள்ள அடங்கிடும்ப்பா!”

“என்னால அடக்க முடியாது, கதவத் திற!”

கூட்டிப் பார்த்ததில் தேற்றம் வந்தே விட்டது. இருவரும் கூச்சலிட்டபடி வெளியே ஓடி வர, அப்பா அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். பாராட்டும் நிலையில் அவர் இல்லை.

மறுநாள் அவர்கள் எழுதிக் கொண்டுபோன தாளை வாத்தியார் இப்படியும் அப்படியும் திருப்பினார். எங்காவது அந்தத் தேற்றத்தையே திருட்டுத்தனமாக நுழைத்திருக்கிறார்களா என்று வரி வரியாகத் துழாவினார். கடைசியில் முகம் மலர்ந்தது. “செங்கோணத்த ஒட்டின ரெண்டு பக்கமும் சமமா இருந்தா? உங்க முக்கோணம் சின்னதாவே ஆகாதே! கோடுங்க சேரவே சேராதே!”

பல்லி அழுதே விட்டாள். குறுக்கு மட்டும் கரும்பலகையில் மறுபடி அந்த ஜோடி முக்கோணத்தை வரைந்தாள். “சமமா இருந்தா வரிசையே வேணாம் சார். இதுல சைன் விதியப் போட்டா ரெண்டே வரியில முடிஞ்சுடும்.”

முடிந்தது. வாத்தியார் மேசையை ஓங்கித் தட்டி, “அட கழுதைங்களா!” என்று சிரித்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

பிறகு பல்கலைக்கழகத்துப் பெரிய அரங்கில் அவர்களைப் பேச வைத்தார். நரைத்த தலைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டன. குறுக்கு ஒவ்வொன்றுக்கும் குறுக்குக் கேள்வி போட்டாள். யூனிபார்மோடு வந்திருந்த அப்பா, ஒன்றும் புரியாமல், எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார்.

அதற்குப் பிறகு இருவரும் வேறு நான்கு நிரூபணங்கள் கண்டுபிடித்தார்கள். பல்லி இப்போது பல் வைத்தியம் படிக்கிறாள். குறுக்கு கணக்கையே படிக்கிறாள். அப்பாவோ சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் பயணிகள் பக்கம் திரும்பி, “முக்கோணத்தக் கண்டுபிடிச்சதே என் பொண்ணுதான்!” என்கிறார்.

“நிரூபணம்ப்பா, நிரூபணம்!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டால், “விடும்மா, பச்சை விழுறதுக்குள்ள அவ்வளவுதான் சொல்ல முடியுது” என்கிறார்.